கரடிக் குடலின் மெழுகு வீரர்கள்

ஒரு காட்டில் ஒரு பெண் கரடி இருந்தது. அதன் குடலுக்குள் நத்தைகளும் புழுக்களும் எறும்புகளும் நண்டுகளும் குடியிருந்தன.

குடலுக்குள் எப்படி நண்டு என்று கேட்காதீர்கள். நரி பேசினால் நம்புகிறீர்கள் இல்லையா? இதையும் நம்புங்கள்.

குடல் ஒரு நீளமான ஈரக் குகை. வளைந்து வளைந்து போகும். அதன் சுவர் முழுக்க நத்தைகள். இடைவெளியே இல்லாமல் ஒட்டி உட்கார்ந்திருக்கும். அவைதான் சுவர், வேறு சுவர் கிடையாது. கரடி தின்ற பழமும் கிழங்கும் கரையானும் அவற்றின் முன்னால் கூழாக ஓடும். நத்தைகள் சத்தை உறிஞ்சிக் கரடிக்கு அனுப்பும். கூழோடு வருகிற கண்டகண்டதும் மேலே படாமல் இருக்க, தடியாக ஒரு சளிப் போர்வையைப் போர்த்திக்கொள்ளும்.

அந்தப் போர்வைக்கு வெளியே புழுக்கள். கரடிக்குச் செரிக்காத நாரை அவை தின்னும். தின்றுவிட்டுப் புளிப்பாக ஒரு சாற்றைக் கக்கும். அந்தச் சாறுதான் நத்தைகளுக்குச் சாப்பாடு. அருவருப்பாக இருக்கிறதா? உங்கள் குடலும் கிட்டத்தட்ட இப்படித்தான். மூக்கைப் பிடிக்காதீர்கள்.

சுவருக்குப் பின்னால் கட்டெறும்புகள். அவை காவல். கெட்டது எது நுழைந்தாலும் கடித்துக் கொல்லும்.

கடைசியாக நண்டுகள். கடுகு அளவுதான் இருக்கும். அவற்றின் வேலையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிய வேண்டும். அந்தக் குடலில் இருந்த எல்லோர் உடம்பிலும் சர்க்கரை மணிகள் முளைத்திருக்கும். எறும்புகளின் மணிகளுக்கு மட்டும் சின்னச் சின்ன மூடிகள் உண்டு. எதிரியைக் கண்டு எறும்புக்கு வெறி ஏறினால் மூடிகள் உதிர்ந்துவிடும். மணிகள் வெளியே தெரியும்.

சண்டை முடிந்ததும் நண்டு வரும். ஒரு கொடுக்கால் இந்தப் பக்கத்து மணியைப் பிடிக்கும். இன்னொரு கொடுக்கால் அந்தப் பக்கத்து மணியைப் பிடிக்கும். இரண்டையும் சேர்த்து இறுக்கும். எறும்பின் வெறி இறங்கும். தாடை தளரும். அப்படியே படுத்துவிடும். மூடி உதிராத எறும்புகள், அதாவது சண்டைக்குப் போகாதவை, காவலைத் தொடரும். இதுதான் அங்கே வழக்கம்.

ஒருநாள் கரடி ஒரு குட்டையில் தண்ணீர் குடித்தது. அந்தக் குட்டையில் ஒரு மான் செத்து அழுகிக்கிடந்தது. தண்ணீரோடு கொக்கிப் பூச்சிகள் உள்ளே வந்தன. போர்வையைக் கிழித்தன. சுவரில் கொக்கியை மாட்டின.

"எவன்டா அது?" என்று கத்திக்கொண்டு எறும்புப் படை பாய்ந்தது. முன்னால் போனவன் தளபதி முறுக்கன். உண்மையைச் சொல்ல வேண்டும். நன்றாகத்தான் சண்டை போட்டார்கள். ஒரு கொக்கிப் பூச்சி கூட மிஞ்சவில்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கவ்வாயி என்ற நண்டு வழக்கம்போல முறுக்கனிடம் வந்தாள்.

"தளபதி, திரும்பு. மணியைக் காட்டு."

"எதுக்கு?"

"எதுக்கா? சண்டை முடிஞ்சுபோச்சு. படுக்க வேண்டாமா?"

"ஜெயிச்சு வந்தவனைப் படுக்கச் சொல்றியா? கடுகு மாதிரி இருந்துக்கிட்டு எனக்கே உத்தரவா?"

"உத்தரவெல்லாம் இல்லை. மணி வெளியே தெரியுது. தெரிஞ்சா பிடிப்பேன். எனக்கு வேற வேலை தெரியாது."

முறுக்கன் கொஞ்சம் தள்ளி நின்றான். குரலைத் தாழ்த்தினான்.

"படுத்தா மறுபடி எழுந்திருப்பேனா?"

கவ்வாயிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "சில பேர் எழுந்திருப்பாங்க. சில பேர் எழுந்திருக்க மாட்டாங்க. உன் கதை எனக்குத் தெரியாது."

எனக்குப் பயமாக இருக்கிறது என்று முறுக்கன் சொல்லியிருக்கலாம். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அவன் சொல்லவில்லை. மார்பை நிமிர்த்தினான்.

"வீரர்களே! இந்த நண்டுகள் யார் பக்கம்? எதிரியைப் பிடிக்காமல் நம்மைப் பிடிக்கிறார்கள்! நாம் தூங்கினால் யாருக்கு லாபம்?"

"எதிரிக்கு!" என்று படை கத்தியது. அந்தப் படையில் எல்லோருக்கும் அதே பயம்தான். பயத்துக்கு வீரம் என்று பெயர் வைத்துக் கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அப்போது கிளறன் வந்தான். அவனும் நண்டுதான். ஆனால் எல்லா நண்டும் ஒரே மாதிரி பிடிக்காது. கவ்வாயி பிடித்தால் வெறி இறங்கும். கிளறன் பிடித்து உலுக்கினால் வெறி ஏறும். காயம் பட்ட இடத்தில் புது எறும்புகளை எழுப்ப அவன் தேவை. அந்த வேலை முடிந்தால் அவனை யாரும் கவனிக்க மாட்டார்கள். அதுதான் அவனுக்கு எரிச்சல்.

"தளபதியாரே, ஒரு யோசனை!" என்றான். "கரடி நேத்து ஒரு தேனடையை முழுசா முழுங்கியிருக்கு. மெழுகு செரிக்காது. கட்டி கட்டியா வந்துக்கிட்டிருக்கு. அதை எடுத்து மணி மேலே பூசிடுங்க. எந்தக் கொடுக்கு வந்தாலும் வழுக்கும்."

"உன் கொடுக்கும் வழுக்குமா?"

"என் கொடுக்கே வழுக்கும்னா பாத்துக்குங்களேன்!"

முறுக்கன் மெழுகைப் பூசிக்கொண்டான். படையும் பூசிக்கொண்டது. ஒருவரை ஒருவர் பார்த்து, "ஆகா, என்ன மினுமினுப்பு!" என்று பாராட்டிக்கொண்டார்கள். கவ்வாயி ஓடிப்போய் ஒருவனைப் பிடித்தாள். கொடுக்கு வழுக்கியது. இன்னொருவனைப் பிடித்தாள். வழுக்கியது. எறும்புகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"ஐயோ பாவம், கவ்வாயிக்குக் கையில எண்ணெய் போலிருக்கு!"

"சிரிங்க" என்றாள் கவ்வாயி. "கடிக்க ஆள் இல்லாம இந்த வெறியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்கன்னு நானும் பாக்கறேன்."

கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. வெறியோடு சும்மா உட்கார முடியாது. தாடை நமநமவென்று அரிக்கும். முறுக்கன் போர்வைக்கு வெளியே எட்டிப் பார்த்தான். நாரான் என்ற புழு ஒரு கிழங்கு நாரை மென்றுகொண்டிருந்தான்.

"ஏய்! யார் நீ?"

"நான்தாங்க, நாரான். கரடி குட்டியா இருந்தப்போ இருந்தே இங்கேதான் இருக்கேன்."

"முழிக்கிற முழியைப் பாரு! முகத்துலேயே கொள்ளைக்காரக் களை!"

"எனக்கு முகமே கிடையாதுங்களே தளபதி!"

"எதிர்த்துப் பேசுறான்! கடிங்கடா!"

கடித்தார்கள். நாரானைக் கொன்றார்கள். அவன் பக்கத்தில் இருந்தவனைக் கொன்றார்கள். அவனுக்காக அழுதவனையும் கொன்றார்கள். மிஞ்சிய புழுக்கள் குடலின் மூலை மடிப்புகளுக்குள் போய் ஒளிந்துகொண்டன. முறுக்கன் திரும்பி வந்து, "பார்த்தீர்களா, எத்தனை எதிரிகள்!" என்றான். நேற்றுவரை அவர்கள் யாருக்கும் எதிரி இல்லை என்பது ஒருத்தனுக்கும் ஞாபகம் வரவில்லை. அல்லது வந்தது, வாயைத் திறக்கவில்லை.

புழுக்கள் போனதும் புளிப்புச் சாறு நின்றுபோனது. நத்தைகளுக்குச் சாப்பாடு இல்லை. சளிப் போர்வை மெலிந்து நூலாகிப் போனது.

சளியன் என்ற நத்தை கெஞ்சினான். "தளபதி, பசிக்குது. ஒட்டிக்கிட்டு நிக்க முடியலை. நாங்க விலகினா சுவர்ல ஓட்டை விழும். கூழெல்லாம் உள்ளே வந்துடும்."

"ஓட்டையா? எதிரிக்கு வழி விடுறியா?"

"வழி விடலை. பசிக்குதுன்னு சொல்றேன்."

"இவனும் அவங்க ஆள்தான்!" என்றான் கிளறன் பின்னால் இருந்து.

சளியனைக் கடித்தார்கள். சுவரில் ஓட்டை விழுந்தது. அதன் வழியாகக் கூழ் உள்ளே வந்தது. உள்ளே வந்த கூழைப் பார்த்து, "ஊடுருவல்! ஊடுருவல்!" என்று கத்திக்கொண்டு ஓட்டையின் ஓரத்தில் இருந்த நத்தைகளையும் கடித்தார்கள். ஓட்டை பெரிதானது. பெரிதானதால் இன்னும் கூழ் வந்தது. இன்னும் கடித்தார்கள். கிளறன் தூங்கிக்கொண்டிருந்த எறும்புகளை எல்லாம் உலுக்கி எழுப்பினான். அவர்களுக்கும் மெழுகு பூசினார்கள். தாங்களே போட்ட ஓட்டையைத் தாங்களே காவல் காத்தார்கள். காவல் காக்கிறோம் என்று சொல்லித் தாங்களே பெரிதாக்கினார்கள். இதைவிட மடத்தனம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் சொல்லுங்கள்.

குடல் வீங்கியது. சிவந்தது. இரத்தம் கசிந்தது.

வெளியே கரடி ஒரு பாறை நிழலில் சுருண்டு கிடந்தது. ஒரு காக்கை கிளையில் இருந்து எட்டிப் பார்த்தது.

"கரடியக்கா! இலுப்பைப் பூ கொட்டிக்கிடக்கு! வரலையா?"

"அந்த வாசனையே குமட்டுது. நீ போ."

"நாலு நாளா இதையே சொல்றே. சாப்பிடாட்டி செத்துப்போவே!"

"சாப்பிட்டா வலியிலே சாகிறேன். ரெண்டும் ஒண்ணுதான். போ."

காக்கை போகவில்லை. கரடி செத்தால் அதற்குச் சாப்பாடு. காக்கையிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

உள்ளே, புதுக் கூழ் வராததைப் பார்த்துக் கவ்வாயிக்கு நிலைமை புரிந்துவிட்டது. கரடி செத்தால் நத்தை, நண்டு, எறும்பு எல்லோரும் சாவார்கள். அவள் நேராக முறுக்கனிடம் போனாள்.

"போதும் நிறுத்து. கரடி சாகப்போகுது. அது செத்தா நீ எங்கே நின்னு தளபதியா இருப்பே?"

"பயமுறுத்துறியா?"

"உனக்குப் பயம் முன்னாடியே இருக்கு. நான் புதுசா தர வேண்டியதில்லை."

படை முழுக்க இதைக் கேட்டுவிட்டது. முறுக்கனுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. பாய்ந்து அவளுடைய இடது கொடுக்கைக் கடித்துத் துண்டாக்கினான்.

"இனிமேல் பிடி பார்க்கலாம்!"

ஒரு கொடுக்கால் பிடித்தால் பிடியே இல்லை. இரண்டு பக்கமும் சேர்த்து இறுக்கினால்தான் எறும்பு அடங்கும். அது முறுக்கனுக்கும் தெரியும். அவன் அதோடு விடவில்லை.

"எல்லா நண்டுக்கும் ஒரு கொடுக்கு போதும்! வெட்டுங்கடா!"

"எல்லா நண்டுக்குமா?" கிளறன் பல்லை இளித்தான். "தளபதியாரே, நான் உங்க ஆளு. மெழுகு யோசனையே நான்தானே சொன்னேன்!"

"ஆமாம். எங்கே பிடித்தால் வழுக்கும் என்று தெரிந்தவனுக்கு, எங்கே பிடித்தால் வழுக்காது என்றும் தெரியும்."

கிளறனின் வலது கொடுக்கும் போனது. கால்களைப் பிடித்துக் கெஞ்சிக்கூடப் பார்த்தான். எறும்புக்கு ஆறு கால் இருந்தும் ஒன்றைக்கூட அவனால் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

நண்டுகள் எல்லாம் ஒரு குடல் மடிப்பில் ஒதுங்கின. ஆளுக்கு ஒரு கொடுக்கு. கவ்வாயி வலியோடு உட்கார்ந்திருந்தாள். கிளறன் நொண்டிக்கொண்டே பக்கத்தில் வந்தான்.

"கவ்வாயி, என்னையும் சேர்த்துக்கோயேன்."

"மெழுகு உன் யோசனைதானே?"

"ஆமா."

"சளியனைக் கடிக்கச் சொன்னதும் நீதானே?"

"ஆமா. தப்புதான்."

"தப்புதான்னு சொன்னா சளியன் வருவானா?"

கவ்வாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பார்வை அவனுடைய இடது கொடுக்கில் நின்றது. தன்னிடம் இருந்தது வலது கொடுக்கு.

"வா. என் இடது பக்கம் நில்லு" என்றாள். "ஒட்டிக்கோ. எனக்கு இன்னொரு கொடுக்கு வேணும். உன் குணம் வேண்டாம், அதை அங்கேயே போட்டுட்டு வா. நான் சொல்ற பக்கம் பிடி. உலுக்கினே, உன் இன்னொரு கொடுக்கையும் நானே எடுத்துடுவேன்."

இரண்டு நண்டுகளும் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டன. இரண்டு பேர், ஆனால் ஒரு முழு நண்டு. மற்ற நண்டுகளும் அதைப் பார்த்து ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டன.

"கொடுக்கு ரெடி. ஆனா மெழுகு?" என்று ஒரு நண்டு கேட்டது.

"தெரியலை" என்றாள் கவ்வாயி. "முதல்ல போவோம்."

எறும்புகள் நின்ற ஓட்டைப் பக்கம் போனபோது குடல் அடுப்பு மாதிரி கொதித்தது. கரடிக்குக் காய்ச்சல். எறும்புகள் கடித்த கடியில் வந்த காய்ச்சல். அந்தச் சூட்டில் எறும்புகளின் முதுகில் இருந்த மெழுகு இளகிக்கொண்டிருந்தது. வீரர்கள் பிசுபிசுவென்று நின்றார்கள். கால்கள் ஒட்டிக்கொண்டன. புது மெழுகு கிடைக்கவில்லை. கரடிதான் சாப்பிடவே இல்லையே, தேனடை எங்கிருந்து வரும்? இது யாருடைய சாமர்த்தியமும் இல்லை. அவர்களே மூட்டிய தீ, அவர்களுடைய கவசத்தையே உருக்கியது. அவ்வளவுதான்.

ஒரு எறும்பின் முதுகில் மெழுகு வழிந்து இறங்கியது. மணி வெளியே தெரிந்தது.

"இப்போ பிடி!" என்றாள் கவ்வாயி.

அவள் வலது பக்கம் பிடித்தாள். கிளறன் இடது பக்கம் பிடித்தான். இறுக்கினார்கள். அந்த எறும்பு திமிறியது. பிறகு அதன் தாடை தளர்ந்தது.

"அப்பாடா" என்றது. "எவ்வளவு நாளா இதை எதிர்பார்த்தேன் தெரியுமா?"

"அப்புறம் எதுக்குடா மெழுகைப் பூசினே?"

"எல்லாரும் பூசினாங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டது.

கவ்வாயிக்கு அதைக் கேட்டு அடிக்கலாம் போல இருந்தது. நேரம் இல்லை. அடுத்தவனைப் பிடித்தார்கள். அதற்கு அடுத்தவனைப் பிடித்தார்கள். எல்லா ஜோடிகளும் பிடித்தன. சில எறும்புகள் தூங்கின. சில எறும்புகள் அப்படியே உயிர் அடங்கிப்போயின. கவ்வாயி முன்பு சொன்னதில் பொய் இல்லை.

முறுக்கன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தான். விழுந்துகிடந்த வீரர்களின் முதுகில் இருந்து இளகிய மெழுகை வழித்து வழித்துத் தன்மேல் பூசிக்கொண்டான். அவர்களைத் தூக்கிவிட ஒரு கால்கூட நீட்டவில்லை. வழித்தான், பூசினான். வழித்தான், பூசினான். கடைசியில் அவன் எறும்பு மாதிரியே இல்லை. ஒரு மெழுகு உருண்டை. உள்ளே இருந்து சத்தம் மட்டும் வந்தது.

"வீரர்களே! என் பின்னால் வாருங்கள்!"

யாரும் வரவில்லை. கவ்வாயி கிட்டே போனாள். உருண்டையைத் தட்டிப் பார்த்தாள்.

"தளபதி, மணி எங்கேன்னே தெரியலை. எங்கே பிடிக்க?"

"உன்னால் என்னைப் பிடிக்க முடியாது! நான் ஜெயித்துவிட்டேன்!"

"சரி. ஜெயிச்சுட்டே. போ."

கடி நின்றதும் கரடியின் வலி குறைந்தது. வலி குறைந்ததும் அது எழுந்து தள்ளாடி ஒரு புதருக்குப் பின்னால் போனது. குடல் அசைந்தது. மெழுகு உருண்டை உருண்டது. பிடித்து நிற்க அதற்குக் கால் இல்லை. இருந்த ஆறு காலையும் அவனேதான் மெழுகுக்குள் புதைத்துவிட்டான்.

மீதியை நான் விலாவாரியாகச் சொல்ல வேண்டியதில்லை. மலத்தோடு முறுக்கன் வெளியே வந்து விழுந்தான்.

ஒரு பீ வண்டு வந்து பார்த்தது. "யார் நீ?"

"நான் தளபதி!"

"எதுக்குத் தளபதி?"

"வீரர்களே!" என்று முறுக்கன் கத்தினான். வண்டு அவனையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போனது.

கரடி பிழைத்தது. ஒளிந்திருந்த புழுக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நத்தைகள் மெல்ல மெல்ல நெருங்கி உட்கார்ந்து ஓட்டையை அடைத்தன. சளியன் இருந்த இடம் மட்டும் தழும்பாகி இறுகிவிட்டது. கூழ் அந்த இடத்தில் கொஞ்சம் தடுக்கித்தான் போகும். அது மாறவே இல்லை. நண்டுக்குப் போன கொடுக்கு மறுபடி முளைக்கும்; கிளறனுக்கும் முளைத்தது. "இனி நான் தனியா நிப்பேன்" என்றான். "நில்லு, ஆனா கண்ணு முன்னாலேயே நில்லு" என்றாள் கவ்வாயி.

சண்டை முடிந்த பிறகும் அடங்க மறுக்கிற காவல்காரன், தான் காக்க வந்த உடம்புக்குத் தானே நோயாகிறான்.